நெட்டையன் கட்சி

"நெட்டையனுக்கு ஒன்பதாவது இடமா? கண்ணு தெரியாதவங்க எல்லாம் கூடி உட்கார்ந்து ரேங்க் போட்டா இப்படித்தான்" என்றாள் மனைவி, தையல் மெஷினை நிறுத்திவிட்டு.

கிரேன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒன்பதே அதிகம். முப்பதுக்குப் பக்கத்துல எங்கயாவது சொருகி இருக்கணும்."

கூடைப்பந்து சீசன் தொடங்க இன்னும் சில நாட்கள்தான். அதற்கு முன்னால், இந்த வருஷம் எந்த ஆட்டக்காரர் எத்தனையாவது இடம் என்று டிவியில் தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக அறிவிப்பார்கள். ஊரே அதை வைத்துத்தான் மல்லுக்கட்டும். இந்த வீட்டில் மல்லுக்கட்ட இருந்தது புருஷனும் பெண்டாட்டியும் மட்டுமே.

"முப்பதா? போன சீசன்ல ரீபவுண்டு எடுக்கிறதுல அவனை மிஞ்ச ஆள் இருந்துச்சா?"

"அவன் உசரத்துக்கு நின்ன இடத்துல கை நீட்டினா, வளையத்துல பட்டுத் திரும்புற பந்து தானா வந்து விழும். தெருவிளக்குகூடத்தான் அந்த ரீபவுண்டை எடுக்கும்."

"தெருவிளக்கு எம்பிக் குதிக்குமா? அவன் குதிச்சான்னா நாள் பூரா பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

கிரேன்காரருக்குச் சுருக்கென்றது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். ஏணியில் வழுக்கி விழுந்ததில் இடது காலும் போயிற்று, வேலையும் போயிற்று. பட்டப்பெயர் மட்டும் மிச்சம். கைத்தடி இல்லாமல் வாசல்வரை போக முடியாது.

அவர் வேலைக்குப் போன காலத்தில் டிவியில் மேட்ச் ஓடினாலே எழுந்து போய்விடுகிறவள் இவள். அவர் நாற்காலியே கதியென்று ஆன பிறகு திடீரென்று கூடைப்பந்து ரசிகை ஆகிவிட்டாள். அதிலும் அந்த ஒருத்தனுக்கு. நடக்க முடியாதவனைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், குதிக்கிறவன்மேல் கண் போயிற்றோ என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

பொறாமைதான். ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ள மனசு வருமா? நெட்டையனின் டிஃபென்ஸ் ஓட்டை, ஃப்ரீ த்ரோவில் சொதப்புகிறான் என்று குறை தேடுவதே வேலையாக இருந்தார். விடிந்ததும் அதற்காகவே பேப்பரைப் பிரிப்பார். துறைமுகத்துப் பழைய கூட்டாளிகளுக்குப் போன் போட்டு, அவனை மட்டம் தட்ட ஏதாவது சேதி உண்டா என்று விசாரிப்பார்.

"உனக்கு அவன்மேல அப்படி என்ன கரிசனம்?" என்று கேட்டே விட்டார்.

"நல்லா ஆடுறவனை நல்லா ஆடுறான்னு சொல்றதுக்குக்கூட உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"அவனுக்கு வயசாச்சு. ஒரு ஆட்டம் ஆடினா ரெண்டு ஆட்டத்துக்கு வெளியில உட்கார்றான்."

"வயசானாலும் அழகாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு, அவள் சட்டைக் காலரை மெஷினில் வைத்தாள்.

அன்றைக்கு அவருக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் பேப்பரைப் பிரித்தவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகுவலி தாங்காமல் நெட்டையன் ஓய்வு பெற்றுவிட்டானாம். இந்த சீசன் மட்டுமில்லை, இனிமேல் எப்போதுமே ஆடமாட்டானாம்.

"இங்க வா. உன் ஆளு மூட்டை கட்டிட்டான்."

அவள் நம்பவில்லை. பேப்பரை வாங்கி நின்றபடியே படித்தாள். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"இனிமே ஆடவே மாட்டானா?"

"மாட்டான். ஒன்பதும் இல்ல, முப்பதும் இல்ல. கணக்கு முடிஞ்சது."

வழக்கம்போல எதிர்த்துப் பேசுவாள் என்று பார்த்தார். அவளோ, அரைகுறையாகத் தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

கிரேன்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிப் போயிற்று. கால் முறிந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கலங்காமல் நின்றவள், முன்பின் தெரியாத எவனோ ஆட்டத்தை விட்டான் என்பதற்கு இப்படி இடிந்துபோவானேன்? ஆட்டத்தை விட்ட பிறகும் அவனை ஜெயிக்க முடியவில்லையே என்று நெஞ்சு காந்தியது.

இன்றைக்கு இரண்டிலொன்று கேட்டுவிடுவது என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

சமையலறை வாசலை நெருங்கும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நெட்டையன் ரிட்டயர் ஆயிட்டானாம்டி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

கிரேன்காரர் அப்படியே நின்றார்.

"நீயும் பார்த்தேல்ல. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து மாசக்கணக்கா ஒரு வார்த்தை பேசாம சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த மனுஷன். டிவியில அவனைப் பார்த்துத் திட்டத்தானே முதல்முதலா வாயைத் திறந்தார்? அதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டுத்தானே இவ்வளவு நாள் ஓட்டினேன். எனக்கு அந்த ஆட்டத்துல என்னடி தெரியும்? நீ சொல்லிக் குடுத்ததைத்தானே தினமும் ஒப்பிச்சேன்."

மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சரி, அழுதுக்கிட்டு நிக்க நேரமில்ல. உங்கப்பாவுக்குக் கண்டாலே ஆகாத வேற ஒருத்தன் பேரைச் சொல்லு. சாயங்காலம் ரேங்க் சொல்றதுக்குள்ள நான் அவன் கட்சிக்கு மாறணும்."