பூங்கோதை நிறுத்திய சர்வர்

ஊர் ஜனங்களின் நினைவுகளையெல்லாம் சேமித்து வைக்கும் சர்வர் பூங்கோதையின் பொறுப்பில் இருந்தது. அதன் கடவுச்சொல்லை அவள் எங்கும் எழுதி வைப்பதில்லை, யாரிடமும் சொல்வதுமில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அன்று பராமரிப்புக்காக அதை நிறுத்த வேண்டியிருந்தது.

“மேடம், உங்க நினைவும் இதுலதானே இருக்கு? என்னை மாதிரி வேற சர்வருக்கு மாத்திட்டு நிறுத்துங்க,” என்றார் உதவியாளர் தேவசகாயம்.

“நான் பாத்துக்கிற சர்வரை நானே நம்பலைன்னா ஊரு எப்படி சார் நம்பும்?” சிரித்துக்கொண்டே நிறுத்தினாள்.

வேலை முடிந்தது. மறுபடி தொடங்க, திரை கடவுச்சொல்லைக் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே ஜனங்கள் வீடு எதுவென்று தெரியாமல் நின்றார்கள். தேவசகாயம் பதறிப்போய் அவளைப் பார்த்தார்.

“பயப்படாதீங்க சார்,” என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள் பூங்கோதை. “இதுக்குன்னு பொறுப்பா ஒரு ஆள் வெச்சிருப்பாங்க. இப்ப வந்துடுவாங்க.”