சலாம் இல்லாத கம்பு

காவிரி மணலில் வெயில் சாய்கிறது. தூரத்தில் மலைக்கோட்டையின் உச்சி மட்டும் இன்னும் மஞ்சளாக நிற்கிறது. சிலம்ப ஆராய்ச்சிக்குப் படம் எடுக்க வந்திருக்கும் விரிவுரையாளர் தணிகாசலம், தொப்பியைச் சரித்துக்கொண்டு கேமராவுக்குள் பார்க்கிறார். பால்ய சிநேகிதர்களான அழகிரியும் அப்துல் மாலிக்கும் குனிந்து மண்ணைத் தொட்டு, கண்ணில் ஒற்றி, கம்போடு கம்பை மெல்ல முட்டிச் சலாம் வைக்கிறார்கள். அவர் மறுபடியும் கையை ஆட்டி நிறுத்துகிறார். "இந்தச் சலாமெல்லாம் வேண்டாங்க. நடுவுல வந்து ஒட்டிக்கிட்டது. ஆதித் தமிழன் சலாமா போட்டான்? நேரா சண்டையில ஆரம்பிங்க." மாலிக் தலையைக் குனிந்து, கம்பில் ஒட்டிய மணலைத் துடைக்கிறான். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைக்கிறான். அதைப் பார்க்கப் பார்க்க அழகிரியின் கழுத்து நரம்பு புடைக்கிறது.

"சலாம் வச்சாத்தாங்க இது விளையாட்டு. வைக்காம கம்பைத் தூக்கினா, மண்டையைப் பொளக்க வரோம்னு அர்த்தம்."

"பரவாயில்லை, தூக்குங்க."

அழகிரி மாலிக்கை விட்டு விரிவுரையாளர் பக்கம் திரும்புகிறான். கம்பு சீறுகிறது. தொப்பி பறந்துபோய் மணலில் உருள்கிறது. வெளிறிப்போன விரிவுரையாளரின் மூக்குக்கு நேரே கம்பின் நுனி அசையாமல் நிற்கிறது.

"இப்ப எடுங்க படம்."