பிளாஸ்டிக் கிளாரினெட்

"தப்பு உன் மேல இல்ல பாப்பா, இந்த பிளாஸ்டிக் குழாய் மேல" என்றார் அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

மகள் கிளாரினெட் பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாணவர் இசைக்குழுவுக்கான தேர்வில் மூன்றாவது முறையாக அவள் பெயர் இல்லை. இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. அதற்கப்புறம் வயது தாண்டிவிடும்.

தேர்வு நடந்த அறைக்குள் பெற்றோரை விடவில்லை. வாசலில் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் கையிலெல்லாம் மரத்தில் செய்த கிளாரினெட். அதைப் பார்த்ததிலிருந்தே அப்பாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

கோபமெல்லாம் கிளாரினெட் சொல்லித்தரும் டீச்சர் மேல். நல்ல கருவி எப்போது வாங்கலாம் என்று இவரும் இரண்டு வருஷமாகக் கேட்கிறார். இது அவளுக்குப் பத்தாமல் போகும்போது நானே சொல்கிறேன் என்று அந்தம்மா அதே பல்லவியைப் பாடுகிறார். பத்தாமல் போய் எவ்வளவு நாளாயிற்று, காதை எங்கே வைத்திருக்கிறார் என்று வண்டியில் வரும்போது முழுக்கத் திட்டித் தீர்த்தார்.

"பைக்கை வித்துடறேன். நாளைக்கே மரத்துல வாங்குறோம்."

"வேண்டாம்ப்பா."

அப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வீட்டுக் கஷ்டம் தெரிந்த பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? "நான் பஸ் ஓட்டுறவன். பஸ்ல வேலைக்குப் போனா என்ன குறைஞ்சிடுவேன்?" என்று சிரிக்கப் பார்த்தார்.

அவள் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள்.

"நல்ல கருவி மட்டும் கையில இருந்திருந்தா இன்னைக்கு உன்னை யாராலயும் தள்ளியிருக்க முடியாது. சத்தியமா சொல்றேன்."

அதுவரை அடக்கி வைத்திருந்தவள் அந்த வார்த்தைக்கு வாய்விட்டு அழுதாள். ஆறுதல் சொல்லத்தானே சொன்னோம், இது ஏன் இப்படி அழுகிறது என்று அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேறு வழி தெரியாமல் பெட்டியைத் திறந்தார். வீட்டில் அவள் வாசித்து முடித்ததும் குழலுக்குள் தேங்கும் ஈரத்தைத் துடைப்பது, கிளாரினெட் வந்த நாள் முதல் அவர் வேலை. சங்கீதத்தில் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். திட்டிய கருவிதான், அதற்காக அப்படியே ஊறவிட முடியுமா? நூல் கட்டிய துணியை உள்ளே விட்டு இழுத்தார்.

துணி காய்ந்தே வந்தது. இன்னொரு முறை இழுத்தார். பொட்டு ஈரம் இல்லை.

"பாப்பா, இன்னைக்கு நீ இதுல வாசிக்கவே இல்லையா?"

அழுகை நின்றது. போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"டீச்சர் தன்னோட மரக் கிளாரினெட்டைக் குடுத்தாங்கப்பா. ஒரு மாசமா கிளாஸ்ல அதுலதான் பழகினேன், இன்னைக்கும் உள்ள அதுலதான் வாசிச்சேன்."