குழாயில் நடக்கப்போகும் அந்த ஒரு விஷயம்

"இது போஸ்ட்டாம்மா? கல்வெட்டும்மா!"

எடிட்டர் குரலை உயர்த்தினால், மூன்றே மேஜை கொண்ட அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் ஃபேன்கூட மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

எதிரே நின்றவள் அவருடைய செய்தி வெப்சைட்டுக்காக சோஷியல் மீடியா பேஜில் தினமும் போஸ்ட் எழுதுகிறவள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். எதையும் மிச்சம் வைக்காமல் எழுதித் தள்ளுவதால் ஆபீஸில் அவளுக்கு 'முழுநீளம்' என்று பெயர்.

அவள் எழுதியதை எடிட்டர், பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு வாசித்தார்.

"'நாளை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை, பஸ் நிலையத்துக்கு மேற்கே உள்ள எல்லாத் தெருக்களிலும் குழாயில் தண்ணீர் வராது. பைப் மாற்றுகிறார்கள். இன்றே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே லிங்க்.' எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா லிங்க்கை எவன் அமுக்குவான்? கொசுவா வந்து அமுக்கும்?"

மூன்றாவது மேஜையிலிருந்த போட்டோகிராபர் 'களுக்' என்றார்.

"கதவை இத்தனூண்டு திறந்து வெச்சு ஆளை உள்ளே இழுக்கணும்மா. நீ என்னடான்னா வீட்டையே பெயர்த்துக்கிட்டு வந்து தெருவுல வெச்சிருக்கே!"

"இல்ல சார்... லிங்க் திறக்காதவங்களும் இருப்பாங்களே..."

"இந்தக் காலத்துல லிங்க் திறக்காதவங்களா? யாரும்மா அது? ஒரே ஒரு ஆளைக் காட்டு!"

முழுநீளம் வாயைத் திறந்தாள். போட்டோகிராபரைப் பார்த்தாள். எடிட்டரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"சாரி சார்."

அந்த நேரம் பார்த்து எடிட்டரின் போன் 'டிங்' என்றது. அம்மாவின் ரீசார்ஜ் இன்றோடு முடிகிறதாம். வழக்கமாகப் போடும் குட்டி டேட்டா பேக்கை ஒரு விரலால் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்தார்.

"இப்ப பாரு, லிங்க் எப்படிப் போடறதுன்னு."

கல்வெட்டை அழித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடித்தார்.

'நாளைக்கு உங்க வீட்டுக் குழாயில் நடக்கப்போகும் அந்த ஒரு விஷயம்! தெரிஞ்சா ஆடிப்போயிடுவீங்க!'

பக்கத்தில் கண்ணைப் பிதுக்கும் மஞ்சள் மூஞ்சிகள் மூன்று. கீழே லிங்க்.

போட்டோகிராபர் அதைப் பேய்ப்பட விளம்பரக் குரலில் வாசித்துக் காட்டினார். "அந்த்த்த... ஒரு... விஷயம்ம்ம்..."

அரை மணி நேரத்தில் நாலாயிரம் க்ளிக்.

"பார்த்தியா? உன் கல்வெட்டுக்கு நாப்பது வந்தா பெரிசு." எடிட்டர் நாற்காலியில் சாய்ந்தார். கோபமெல்லாம் வடிந்துவிட்டது. "நல்ல பொண்ணுதாம்மா நீ. ஆனா இந்த வேலை உனக்கு வராது. நாளைக்கு வந்து ஐடி கார்டைக் கொடுத்துட்டுப் போயிடு."

அவள் சம்பளத்தில்தான் தம்பி காலேஜ் போகிறான் என்பது ஆபீஸுக்கே தெரியும். அதைக்கூட அவள் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதேகால். பதினோராயிரம் க்ளிக். அடுத்த தலைப்பை அடித்துக்கொண்டிருந்த எடிட்டர், போன் அடித்ததும் கையை எடுக்க மனமில்லாமல் முழங்கையால் ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய்! குழாயில நடக்கப்போற அந்த ஒரு விஷயம் என்னடா?"

"என்னம்மா?"

"தலை பூரா ஷாம்பு. கண்ணைத் திறக்க முடியல. குழாய் 'புஸ்ஸ்'ஸுன்னுது. அப்புறம் 'கொர்ர்'ருன்னுது. இப்ப அதுவும் இல்ல. நேத்திலேருந்து மண்டையை உடைச்சுக்கிறேன், சொல்லித் தொலையேண்டா, என்ன விஷயம் அது?"

போட்டோகிராபர் திடீரென்று மேஜைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது.

"லிங்க்கைத் தொட்டிருந்தா வந்திருக்குமேம்மா!"

"தொடாமலா? நேத்து சாயங்காலம் பூரா தொட்டேன். வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. நீ போட்டுவிடற பேக்குல உங்க பேஜ்ல எழுதறது மட்டும்தான் தெரியுமாம். லிங்க் எதுவும் திறக்காதாம். உங்க ஆபீஸ் பொண்ணு சொன்னா."

எடிட்டரின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன.

வாசலில் முழுநீளம் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஐடி கார்டோடு.

"எந்தப் பொண்ணும்மா?"

"பேரு தெரியல. மூணு மாசம் முன்னாடி பேஜுக்கு ஒரு மெசேஜ் போட்டேன், 'நான் எடிட்டரோட அம்மா, லிங்க் திறக்கல கண்ணு'ன்னு. அன்னிலேருந்து முழு விஷயத்தையும் மேலேயே எழுதிடுவா. என்னை மாதிரி இன்னும் எத்தனையோ பேர் கேட்டிருக்காங்களாம். நேத்துதான் எவனோ ஒரு அரைகுறை எழுதியிருக்கான்!"

எடிட்டர் அவசரமாக ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தார். வால்யூம்தான் ஏறியது.

"அவளைத் திட்டிடாதேடா. 'சார்கிட்ட சொல்லி நல்ல பேக்கா போடச் சொல்றேம்மா'ன்னுதான் சொன்னா. நான்தான் யார்கிட்டேயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். பெத்தவளுக்கு இருக்கறதுலேயே குட்டி பேக்கா பார்த்துப் போடறான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, என் பிள்ளைக்குத்தானே அசிங்கம்?"