முப்பத்தேழாம் நம்பர் துணி

தவசி குனிஞ்சதுதான் தப்பாப் போச்சு!

கலப்பையில ஒட்டுன கரிச மண்ணைத் தட்டிவிடத்தான் குனிஞ்சாரு. அவரு கோவணத்துப் பின்பக்கம் நீல மையில ‘ஆராய்ச்சி நிலையம், வீட்டு எண் 37’னு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு.

ஜீப்புல இருந்த டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிபண்ணிக்கிட்டு இன்னொரு தடவை பாத்தாக. பக்கத்துல இருந்த சௌந்தரபாண்டியனுக்கு உசிரே போயிருச்சு.

அது குடிதண்ணி வடிகட்டக் குடுத்த துணி!

பரளச்சிப் பக்கத்துல அந்த ஊருக்கு ஊரணித் தண்ணிதான். அதுல இருக்குற பொடிப் பூச்சி வயித்துக்குள்ள போச்சுன்னா, வருஷம் திரும்பறப்ப கால்ல கொப்புளம் போட்டு, நூல் மாதிரி புழு வெளிய வரும். நரம்புச் சிலந்தி. வந்த ஆளு ரெண்டு மாசம் காட்டுப்பக்கம் போக முடியாது. எழுபதாம் வருஷம் மதுரையில இருந்து ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க வந்து, வீட்டுக்கு ஒரு துணி குடுத்தாக. அதைக் கண்காணிக்கத்தான் சௌந்தரபாண்டியனுக்கு வேலை.

ரெண்டு வருஷமா சனிக்கிழமை தவறாம சைக்கிள்ல வருவான். எல்லாப் பானையிலயும் துணி ஜோராக் கட்டியிருக்கும்.

இன்னிக்குப் புதன்கிழமை. டாக்டரம்மா சொல்லாம கொள்ளாம ஜீப்பை எடுத்துட்டு வந்துட்டாக.

வீடு வீடாப் போய்ப் பாத்தா, ஒரு பானை வாயிலயும் துணி இல்ல. பன்னெண்டாம் நம்பரு அடுப்படியில கரித்துணி. இருவதாம் நம்பரு, அதுவும் ஒரு கோவணம்!

“தவசியண்ணே, என்ன இது?” சௌந்தரபாண்டியன் கத்துனான். “சீசாவுல தண்ணி மோந்து, வெயில்ல தூக்கிப் புடிச்சு, பூச்சி நீந்துறதக் காமிச்சேன்ல? அறிவு வேணாமா?”

தவசி தலையச் சொறிஞ்சாரு. “துணி மெத்து மெத்துன்னு இருந்துச்சு தம்பி...”

டாக்டரம்மா எல்லார் காலையும் பாத்தாக. போன வருஷம் இருபத்திமூணு பேரு படுத்த ஊரு. இந்தக் கோடையில ஒருத்தர் கால்லயும் கொப்புளம் இல்ல.

“துணியும் கட்டல, நோயும் இல்ல. இதை நான் என்னன்னு எழுதுறது பாண்டியன்? இந்த ஊர ஆராய்ச்சி லிஸ்ட்ல இருந்து எடுத்துற வேண்டியதுதான்.”

“அம்மா, அப்ப ஊரணிக்குப் பதிலாக் கேட்டிருந்த மூடுகிணறு?”

“லிஸ்ட்ல இருக்குற ஊருக்குத்தான் கிணறு கேட்டு எழுத முடியும்.”

அப்பத்தான் பெத்தம்மா முன்னால வந்தா. அவ வாய்க்குப் பயப்படாத ஆளு அந்த ஊர்லயே கிடையாது. இன்னிக்குக் கையக் கட்டிக்கிட்டு நின்னா.

“தாயீ, தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. அவரு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனாரு. நாங்கதான் மண்டுக. கிணறு போனாப் போகுது, அவர ஒண்ணும் செஞ்சிராதீக.”

டாக்டரம்மா ஜீப்பப் பாத்து நடந்தாக.

“கிணத்தையே கெடுத்துட்டீகளேக்கா!” சௌந்தரபாண்டியனுக்கு அழுகையே வந்துருச்சு.

பெத்தம்மா அவன் கையப் புடிச்சு வீட்டுக்குள்ள இழுத்துட்டுப் போனா. கம்பு மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்த ஒரு துணிய எடுத்து நீட்டுனா. நெருக்கி நெய்ஞ்சது, ரெண்டா மடிச்சுத் தச்சது. இன்னும் ஈரம் காயல.

“ஊரு பூராம் இதுலதான் வடிகட்டுறோம். அருப்புக்கோட்டை சென்னய்யா தறியில சொல்லி நெய்யவச்சோம். வீட்டுக்கு ரெண்டு படி கம்பு.”

“அப்ப நான் குடுத்தது?”

“நீ காமிச்ச மாதிரியே வடிகட்டுன தண்ணியச் சீசாவுல ஊத்தி, வெயில்ல தூக்கிப் பாத்தோம் ராசா. அம்புட்டுப் பூச்சியும் நீந்தி வெளாடுது! வத்தல் விக்கப் போனப்ப சென்னய்யாகிட்டக் காமிச்சேன். ‘இது துணியில்லத்தா, சல்லடை’ன்னு சிரிச்சுட்டாரு.”

சௌந்தரபாண்டியன் அந்த ஈரத்துணிய விரலால தடவிப் பாத்தான். ஆராய்ச்சி நிலையத்துக்குக் கடையில துணி எடுத்தது அவன்தான். தொட்டுப் பாத்து எடுத்தான். தண்ணி ஊத்திப் பாக்கல.

“என்கிட்டயே சொல்லியிருக்கலாம்லக்கா?”

“சொன்னா நீ மேல எழுதுவ. யாரு எடுத்த துணின்னு கேப்பாக. உனக்கு வேற பொண்ணு பாத்துக்கிட்டிருக்காக. வேலை போயிட்டா எவன் குடுப்பான்? அதான், சனிக்கிழமை மட்டும் ஆம்பளைக அவுத்துக் குடுத்தத அலசி, பானையில கட்டிருவோம்.”

சனிக்கிழமை சனிக்கிழமை தவசி வீட்ல தண்ணி வாங்கிக் குடிச்சது அவனுக்கு ஞாபகம் வந்துச்சு.

“முழிக்காத. உனக்குக் குடுத்தது இதுல வடிச்சதுதான்.”

வெளிய ஜீப்பு உறுமுச்சு. சௌந்தரபாண்டியன் ஈரத்துணியோட ஓடுனான்.

“அம்மா! ஊர எடுத்துராதீங்க. தப்புப் பண்ணுனது நான். எடுக்கறதா இருந்தா என்னைய எடுத்துருங்க!”

ஒண்ணு விடாமச் சொல்லிட்டான். டாக்டரம்மா இறங்கி வந்து, அந்தத் துணியில ஊரணித் தண்ணிய வடிகட்டி, சீசாவ வெயில்ல தூக்கிப் பாத்தாக. ஒரு பூச்சி இல்ல.

அப்புறம் பேனாவ எடுத்தாக.

“ஆராய்ச்சி பண்ணுனது இவங்க. நாம வேடிக்கைதான் பாத்திருக்கோம். மூடுகிணத்துக்கு மொத ஊரா இதத்தான் எழுதப்போறேன். நீ நாளைக்கே சென்னய்யாகிட்டப் போயி பத்து ஊருக்குத் துணி சொல்லிட்டு வா. இந்தத் தடவ தண்ணி ஊத்திப் பாத்து வாங்கு!”

தவசி மெதுவா எட்டிப் பாத்தாரு. “தாயீ, அப்ப இந்த முப்பத்தேழாம் நம்பர நானே வச்சுக்கிடலாமா?”

ஏங்க, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா? நீங்க பண்ணுன தப்ப, உங்களுக்கே தெரியாம, ஒரு ஊரே கோவணமாக் கட்டி மறைச்சிருக்கா?