பானுஜனுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் தன்னை ஏமாற்றி ஒரு திருகாணிகூட யாரும் விற்க முடியாது என்பது புண்ணியமூர்த்தியின் அசைக்க முடியாத கருத்து.

"கிராபிக்ஸ் கார்டை இப்ப வாங்கிறவன் மடையன். அடுத்த மொடல் வந்தவுடன இதின்ர விலை விழும்" என்றார், தான் தயாரித்த விலைப்பட்டியலை மறுபடியும் திருத்திக்கொண்டே.

"இஞ்சருங்கோ, பள்ளிக்கூடத்தில எல்லாப் பெடியளிட்டையும் இருக்கெண்டு பானுஜன் அழுதழுது கேட்டவன். பிள்ளை பாவம்" என்றாள் மனைவி சுசீலாதேவி.

"அதுக்காக மினுங்கிற லைட்டுக்கெல்லாம் காசைக் கொட்டச் சொல்லுறியோ? ராம் மெமரி ஜெர்மனியில மலிவு, பிரொசசர் இங்கை மலிவு. எல்லாம் ஒரே நேரத்தில மலியவேணும்."

"அப்ப அவன் விளையாடுறது எப்ப?"

"விளையாட்டு எங்கை ஓடப்போகுது?"

அவர் எதிர்பார்த்த நாள் ஒருவழியாக வந்தது. எல்லாப் பாகங்களையும் வாங்கி முடித்தபோது நானூறு பிராங் மிச்சம். ஏதோ நாட்டைப் பிடித்தவர்போல மகனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, சாமான் எல்லாம் வந்திட்டுது! நாளைக்குக் காலமை ரெண்டு பேருமா இருந்து பூட்டுவம்."

மறுமுனையிலிருந்து பானுஜன் சொன்னான்:

"நாளைக்கு ஏலாதப்பா. என்ர மகளுக்குக் கிண்டர்கார்டனில முதல் நாள். அப்பப்பா வருவாரோ எண்டு கேக்கிறாள்."