காயாத நீலம்

பேத்தி யசோதினிக்குச் சீதனமாக் குடுக்கிற வீட்டுக்கு நீலப் பெயின்ட் அடிச்சு முடிஞ்சிது கா. ஜன்னல் கண்ணாடியில பட்டதையெல்லாம் பெயின்டர் மீராசாஹிப் பிளேடுச் சுரண்டியால வழிச்செடுத்தார். விடிஞ்சு பார்த்தா, கண்ணாடியில ஈர நீலத்தில ஒரு கையடையாளம். அதையும் சுரண்டினார். அடுத்த நாளும் அதே இடத்தில இருந்திச்சு.

"டின்னைப் பூட்டிப்போட்டுத்தானேம்மா போறன்!" எண்டார்.

"எண்ணிப் பாருங்க தம்பி. நாலு விரல்தான் இருக்கு" எண்டன் நான்.

யசோதினிட அப்பாக்கு அரிசி ஆலையில ஒரு விரல் போயிட்டு. மகள்ட வீட்டுக்கு நான்தான் பெயின்ட் அடிப்பன் எண்டு சொல்லிச் சொல்லியே போன வருஷம் கண்ண மூடிட்டார்.

யசோதினி சுரண்டியைப் பறிச்சு வைச்சிட்டாள். "அது கிடக்கட்டும், மாமா."

பத்து நாளால கல்யாணம். தாலியோட வந்தவள், நேரே போய் அந்த அடையாளத்தில கை வைச்சாள். எடுக்கக்குள்ள மருதோண்டிக் கையெல்லாம் நீலம்.